உள்பக்கத் தையல்

கார் சீட்டுக்குக் கவர் தைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மூலையில் சுருக்கம் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த ஸ்டூல் ஆடும், ஐயா. நீங்கள் இந்த சீட்டிலேயே உட்காருங்கள். பழைய வேனிலிருந்து கழற்றியது, கவர் மட்டும் நான் போட்டது. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தவரை ஆடுகிற ஸ்டூலில் உட்கார வைத்தால் எனக்குத்தான் கெட்ட பெயர்.

என் தம்பி உங்களிடம் கொடுத்த முட்டிப் பட்டையை மேஜை மேலேயே வையுங்கள். அதில் போட்டிருந்தது என் தையல்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

தம்பியை வீட்டில் அணில் என்போம். சின்ன வயதில் அவன் ஏறாத இடம் கிடையாது. வளர்ந்த பிறகு அதையே பிழைப்பாக்கிக்கொண்டான். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிப்பான். ஏழாவது மாடியில் தொங்கியபடியே எனக்கு போன் போட்டு, "அண்ணே, உன் கடைக் கூரை மேல ஒத்தைச் செருப்பு கிடக்குது, யாரோடது?" என்று கேட்பான். எனக்கோ ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கவர் மாட்டியதும் ஓர் ஆளை அதில் உட்கார வைத்து, வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பேன். ஆள் அசையும்போதுதான் துணி எங்கே இழுக்கிறது என்று தெரியும். அன்று வந்திருந்தது ஒரு வாடிக்கையாளரின் கார், வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. தம்பிக்கு விடுமுறை. "வாடா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றேன். ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தான். பெல்ட் போட்டால் ஆள் அசையமாட்டானே. "அது வேணாம்டா, நல்லா ஆடி ஆடி உட்காரு" என்றேன். சொன்ன பேச்சைத் தட்டாதவன், அப்படியே செய்தான்.

மூன்றாவது தெருமுனையில் ஒரு சிமென்ட் லாரி பின்னால் பார்க்காமல் ரிவர்ஸில் வந்தது. தப்பு முழுக்க லாரி மேல். லாரிக்கு இன்சூரன்ஸ் கொடுத்த உங்கள் கம்பெனியே அதை ஒப்புக்கொண்டது. எனக்கு நெற்றியில் ஒரு கீறல். தம்பிக்கு வலது முட்டி நொறுங்கிவிட்டது. அந்தக் களேபரத்திலும் என் கண் கவர் மேல்தான் போனது. ஒரு சுருக்கம் இல்லை.

ஆஸ்பத்திரிச் செலவை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள், அதில் குறை சொல்லமாட்டேன். காருக்கு மட்டும் பழுது பார்க்கிற செலவுதான் தருவோம் என்றீர்கள். காரின் சொந்தக்காரருக்கோ பழுது பார்த்த கார் வேண்டாம், புதுக் கார் வேண்டும். கேட்காமல் வண்டியை வெளியே எடுத்தது என் தப்பு, போலீசுக்குப் போவேன் என்றார். ஒரு வருடத்தில் முழு விலையையும் தருகிறேன், தராவிட்டால் கடை அவருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? நிஜமாகவே பயந்துவிட்டேன், ஐயா.

தம்பியின் கேஸை எடுத்துக்கொண்ட வக்கீல் நல்ல மனுஷன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். "வருஷக் கடைசியில டாக்டர் முட்டியை அளப்பாரு. ஊனம் நாப்பது சதவீதத்துக்கு மேலன்னு எழுதினா பெரிய தொகை. பத்து, இருபதுன்னா பஸ்ஸுக்குத்தான் ஆகும்" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னதை நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

தம்பியை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முதல் மூணு மாசம்தான் சார் முக்கியம். அவர் கத்தினாலும் விடாம மடக்குங்க. விட்டுட்டா முட்டி அப்படியே இறுகிடும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது." வாரம் மூன்று நாள் வீட்டுக்கே வருவதாகவும் சொன்னார். "எதுக்கும்மா சிரமம்? என் தம்பிக்கு நானே பண்ணிக்கறேன்" என்றேன்.

சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார வேண்டும். நீட்டிய காலை மடக்கிக் குதிகாலைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். இவ்வளவுதான் பயிற்சி. முதல் நாள் காலைப் பிடித்து மடக்கினேன். "வலிக்குதுண்ணே" என்றான். கண்ணில் தண்ணீர் முட்டியது. "சரிடா, போதும். வலிச்சா நிறுத்திடணும்னு அந்த அம்மா சொல்லியிருக்காங்க" என்றேன். முதல் நாள் அப்படிச் சொன்னது மனசு தாங்காமல்தான், சத்தியமாகச் சொல்கிறேன். இரண்டாம் நாள் யோசித்துச் சொன்னேன்.

அவனுக்கு உற்சாகம் வேண்டுமே என்று, குதிகால் வந்து நிற்கிற இடத்தில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தேன். வாரம் ஒரு முறை, அவன் குளிக்கப் போயிருக்கும்போது, பழைய கோட்டை அழித்து, சுவரை விட்டு இரண்டு விரல் தள்ளிப் போடுவேன். திரும்பி வந்து மடக்கினால் கோட்டைத் தாண்டியிருப்பான். "பார்த்தியாண்ணே!" என்று பூரித்துப்போவான். அவன் சந்தோஷப்படுவதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருக்கும். என் மனைவி இதையெல்லாம் பார்த்துவிட்டு, கூடப் பிறந்தால் இப்படி ஓர் அண்ணனோடு பிறக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

இரண்டாம் மாதம் அவனுடைய மேஸ்திரி போன் செய்தார். ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்கு பெயின்ட் அடிக்கிற வேலை, அணிலுக்காக ஆறு மாதம் வரை காத்திருப்பேன் என்றார். அதைக் கேட்டதிலிருந்து பையன், நான் கடைக்கு வந்த பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு தானே மடக்கிப் பார்க்க ஆரம்பித்தான். சாயங்காலம் வந்து பார்த்தால் கோடு கலைந்திருக்கும். கோட்டைத் தாண்டி, சுவர்ப் பக்கமாக ஒரு சாண் தூரத்தில் குதிகால் தேய்ந்த தடம் இருக்கும். அந்த வேகத்தில் போனால் வருஷக் கடைசியில் ஓடியே போவான்.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் அவன் முட்டிக்கு மாட்டிவிட்ட இந்தப் பட்டையைக் கடைக்கு எடுத்து வந்தேன். முட்டிக்குப் பின்னால் மடங்குகிற இடத்தில், உள்பக்கமாக, ஓர் அடுக்கு கான்வாஸ் வைத்துத் தைத்தேன். சீட் அடியில் போடுகிற கான்வாஸ், ஆளே ஏறி நின்றாலும் வளையாது. அடுத்த வாரம் இன்னொன்று. மொத்தம் நான்கு. குளிக்கிற நேரம் தவிர கழற்றக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். "டைட்டா இருக்குண்ணே" என்றான். "கால் வீங்கியிருக்குடா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். மூன்று மாதம் முடிந்தது. முட்டி இறுகிவிட்டது.

டாக்டர் அளந்து பார்த்து நாற்பத்து நான்கு சதவீதம் என்று எழுதினார். பணம் தம்பி பெயருக்கு வந்தது. அன்றே என் கையில் கொடுத்தான். "நீயே வச்சுக்கண்ணே. காருக்குக் கட்டு, கடையைக் காப்பாத்து. இந்த ஒரு வருஷம் நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்றான். நான் வாய் திறந்து கேட்கவே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்த் தொட்டி வேலைக்கு மேஸ்திரி வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். தம்பியை நான் கைவிட்டுவிடவில்லை. கடையிலேயே, அதோ அந்த ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, பழைய கவர்களின் தையலைப் பிரிக்கிற வேலை கொடுத்தேன். எட்டு மாதம் பிரித்தான். என் தையலை அவன் அளவுக்கு அறிந்தவர் இப்போது யாரும் இல்லை. நான் எங்கே தைத்து முடித்தாலும் மூன்று தையல் பின்னால் போட்டுத்தான் நூலை வெட்டுவேன், பிரிந்து வராது. மட்டமாகத் தைக்க எனக்குக் கை வராது.

போன திங்கட்கிழமை, கொக்கிகள் ஏதாவது வேலைக்கு ஆகட்டும் என்று அவன் அந்தப் பட்டையைப் பிரிக்க உட்கார்ந்தான். நான் மெஷினில் இருந்தேன். "அண்ணே, இது உன் தையல்தானே?" என்றான். ஆமாம் என்றேன். நான்கு அடுக்கையும் ஒவ்வொன்றாகப் பிரித்து மேஜை மேல் வரிசையாக வைத்தான். பிறகு, "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே மடக்காம இருந்திருப்பேனேண்ணே" என்றான்.

அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அவனுக்கும் சம்மதம்தான் என்று ஆகிவிட்டது. கேட்கிற முறையில்தான் நான் கொஞ்சம் முன்னே பின்னே நடந்துகொண்டேன். அடுத்த நாளே அவன் இதை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தது ஏன் என்றுதான் விளங்கவில்லை. உங்கள் ஆபீஸ் மூன்றாவது மாடியாமே, லிஃப்ட்டும் இல்லையாமே. மடங்காத காலை இழுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறியிருக்கிறான். ஏறுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்று நான் அப்போதே சொன்னேனே.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், ஐயா? நான் சொன்னது எல்லாம் உண்மை. என் தம்பியின் காலை நான்தான் முடக்கினேன். ஆனால் அந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது அவனுக்கு வலிக்க விட்டேனா என்று அவனிடமே கேட்டுப் பாருங்கள்.