அறைக்கேற்ற ஆம்ப்ளிஃபயர்

யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசினானாம். என் கதையும் அதுதான், ஐயா. ஆசைப்பட்டு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கிவிட்டேன். அதற்குப் பொருத்தமான ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனபோதுதான் கையைக் கடித்தது. விலையும் கட்டுப்படியாக வேண்டும், ஸ்பீக்கருக்கும் ஈடுகொடுக்க வேண்டும். நீங்கள் எப்போதாவது வாங்கினால் அவசரப்படாதீர்கள்.

சின்ன ஆம்ப்ளிஃபயராகப் பார்த்து வாங்கி, அதன் கழுத்தைத் திருகி முழுச் சத்தத்தில் வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. திணறுகிற ஆம்ப்ளிஃபயர்தான் ஸ்பீக்கரைக் கெடுக்கும். சக்தி மிச்சம் இருப்பது நிதானமாக வேலை செய்யும். என்னிடம் இருந்த பழையது திணறுகிற ரகம். சத்தத்தைக் கூட்டினால் கரகரத்தது. குறைத்தால் அண்ணன் குரல் கேட்டது.

அண்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு என்னை ஆளாக்கியவர் அவர்தான். எனக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, கடைசியில் அதை மறந்தே போனார். பக்கவாதம் வந்த பிறகு பின்னறைக் கட்டிலே கதி. தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாது. குரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "தம்பி" என்பார். போனால் தலையணை சரியில்லை. வந்து உட்கார்ந்தால் மறுபடி "தம்பி". போனால் ஜன்னல். சில நேரம் ஒன்றுமே இருக்காது, சும்மாதான் கூப்பிட்டேன் என்று சிரிப்பார். அவர்மேல் எனக்கு வெறுப்பு என்று எழுதிவிடாதீர்கள். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பகலெல்லாம் அவருக்கே கொடுத்தேன். சாயங்காலம் மட்டும் எனக்கு வேண்டியிருந்தது.

பாட்டில் இடைவெளிகள் வரும். பாடுகிறவர் மூச்சு வாங்குவார், வயலின் மட்டும் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். குறி வைத்தது போல அந்த இடத்தில்தான் "தம்பி" வந்து விழும்.

கடைக்காரர் நல்ல மனிதர். அவர் உங்களிடம் வந்து சொன்னதால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அறை எவ்வளவு பெரிது, ஸ்பீக்கரின் மின்தடை எத்தனை ஓம், எந்த மாதிரிப் பாட்டு கேட்பேன் என்று பொறுமையாக விசாரித்தார். என் ஸ்பீக்கர்களையே தூக்கிக்கொண்டு போயிருந்ததில் அவருக்கு என்மேல் ஒரு மரியாதை. அப்போதுதான் ஓர் உதவி கேட்டேன். கடைக்குப் பின்னால் சரக்கறை இருந்தது. நான் பாட்டுப் போடுகிறேன், நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு "தம்பி" என்று கூப்பிடுங்கள் என்றேன்.

"எதுக்கு சார்?" என்று சிரித்தார்.

"வீட்டுல முடியாதவர் ஒருத்தர் இருக்கார். அவர் கூப்பிட்டா கேக்குதான்னு பாக்கணும்."

மனுஷன் உருகிவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி யார் யோசிக்கிறார்கள் என்றார். அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்பது எனக்குப் புரிந்தது, திருத்தவில்லை. முதல் ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளே போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தார். கேட்டது என்றேன். சந்தோஷமாகப் பெட்டியை எடுக்கப் போனவரை நிறுத்தி, அடுத்ததைப் பார்க்கலாம் என்றேன். அதிலும் கேட்டது. அதற்கடுத்து ஒன்றை மாட்டினார். பாவம், தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தியிருப்பார் போல, முகம் சிவந்து வெளியே வந்தார்.

"கேட்டுச்சா சார்?"

"இல்ல. இதையே குடுங்க."

பெட்டியைக் கட்டி முடிக்கிறவரை அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

விலைக்கு அது மோசம் இல்லை. வீட்டில் மாட்டியதும் ஸ்பீக்கர்களுக்கு உயிர் வந்தது போல இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, உங்க அண்ணனுக்கு ராஜ வாழ்க்கைதான், பாட்டும் கூத்துமா இருக்கார் என்பார். ஆமாம், அவருக்குப் பழைய பாட்டென்றால் உயிர் என்று சொல்லிவைத்தேன்.

வாரம் ஒருமுறை வந்து பார்க்கிற நர்ஸம்மா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். சாப்பாடு ஊட்டிய பிறகு அண்ணனைச் சாய்த்துத்தான் உட்கார வைக்க வேண்டும். மட்டமாகப் படுக்க வைத்தால் சாப்பிட்டது மேலே வந்து மூச்சுக்குழலை அடைத்துவிடும். முதலில் கூப்பிடுவார், உடனே ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கொஞ்ச நேரம் போனால் கூப்பிடவும் முடியாது என்றார். நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு வயிறு நிறைய ஊட்டினேன். வாயைத் துடைத்தேன். முதுகுக்கு வைத்திருந்த தலையணைகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, மட்டமாகப் படுக்க வைத்தேன். இன்னும் கொஞ்சம் சாய்ஞ்சு இருக்கட்டுமே தம்பி என்றார். பரவாயில்லை அண்ணே என்றேன். இரண்டு கதவையும் சாத்திவிட்டு வந்து இசைத்தட்டைப் போட்டேன்.

அது முடிந்ததும் போய்ப் பார்த்தேன். கண் இரண்டும் கதவைப் பார்த்தபடி இருந்தன. மூடிவிட்டேன். பிறகு அழுதேன், அது நடிப்பு இல்லை. அந்த அக்காவே சாட்சி.

அண்ணன் கூப்பிட்டது என் காதில் விழவே இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். விழுந்திருந்தால் ஓடியிருப்பேன். அந்த ஒரு நிம்மதியில்தான் நான் தூங்குகிறேன். அன்றைக்குப் பாட்டுச் சத்தம் விட்டு விட்டு ஏறியது என்று அக்கா சொன்னாராமே. உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. அண்ணன் கூப்பிடும்போது மட்டும்தான் கூட்டினேன், ஐயா. கடைசிப் பாட்டைக் குறைத்து வைத்துத்தான் கேட்டேன்.