படவேட்டு பஸ்ஸில் வரும் இலுப்பை

— பைய பாத்துப் புடிங்க டீச்சர், தண்ணி சொட்டுது. படவேட்டுப் பெரியவரு ஈரத் துணில சுத்திக் குடுத்தாரு. எல்லாம் நேத்து வுழுந்த இலுப்பைப் பழம். உக்காந்து பிதுக்கி, கொட்டைய மட்டும் எடுத்துட்டாராம்.

— வெயில்ல காட்டலயே?

— அட போங்க டீச்சர், இன்னும் அத்தயே புடிச்சிகினு இருக்கீங்க. ஒரே ஒரு வருஷம் காயவெச்சுக் குடுத்துட்டாரு, வயசான மனுஷன்.

— ஒண்ணு கூட மொளைக்கல, கண்டக்டரே. எங்க தெருப் பொம்பளைங்க தறிய நிறுத்திட்டு வந்து, கவர்ல மண்ணு ரொப்பி, ஒரு மாசம் தண்ணி ஊத்தினாங்க. இலுப்பை ஈரத்தோட மண்ணுக்குப் போகணும். காஞ்சா செக்குக்குத்தான் ஆகும்.

— அத்த அப்பவே அவர்கிட்ட சொல்லிட்டேன். ரொம்ப வருத்தப்பட்டாரு. அப்பறம் கரெக்டா வருதா இல்லியா?

— வருது. ஏரிக்கரையில வெச்சதெல்லாம் என் இடுப்புக்கு வந்துடுச்சு. டீ ஆறுது, குடிங்க.

— பார்த்திபன் ஹாரன் அடிப்பான். இந்த மாதிரி டிரைவர நான் பாத்ததே இல்ல, ஜல்தி ஜல்தின்னு ஒரே பேஜாரு.

— அடிக்கட்டும். சர்ச்சு வாசல்ல நிக்கற பஸ்ஸ யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாங்க.

— அப்பறம், பெரியவரு உங்க ஜுரம் வுட்டுச்சான்னு கேட்டாரு. நெலவேம்பு குடிச்சாங்களா, ராத்திரி சோறு எறங்குதான்னு கேட்டாரு.

— குடிச்சேன், எறங்குதுன்னு சொல்லுங்க. நீங்க ஏன் இன்னிக்கு மூஞ்சிய தொங்கப்போட்டுகிட்டு இருக்கீங்க?

— ஒண்ணுமில்ல. திங்கக்கிழமைலேர்ந்து என்ன தேசூர் ரூட்ல போட்டுட்டாங்க.

— தேசூரா.

— ஆமா. இந்தப் பக்கமே வராது வண்டி.

— அப்போ விதைக்கு?

— அத்ததான் யோசிச்சிகினு வந்தேன். புதுசா வர்ற கண்டக்டரு நல்ல பையன், சந்தோஷ்னு பேரு. சொல்லி வெச்சுட்டுப் போறேன்.

— வேணாம். நான் இப்பவே உங்க பஸ்ல ஏறி, திரும்பறப்ப படவேட்டுல எறங்கிக்கறேன். பெரியவரப் பாத்து நானே பேசிக்கறேன்.

— இன்னிக்கா? இன்னிக்கு வேணாங்க. அவரு மக வூட்டுக்குப் போயிருக்காரு.

— விதை குடுத்தாருன்னீங்க?

— குடுத்துட்டுதான் போனாரு.

— மக எந்த ஊரு?

— திருமலைன்னு நெனைக்கறேன். வேலூராவும் இருக்கும்.

— ரெண்டும் ஒரே பக்கமா இருக்கு?

— டீச்சர், பரீட்ச வெக்காதீங்க. எம் பொண்ண கட்டிக்குடுத்த பெறகு வூட்ல பேச்சுக் குடுக்க ஆளில்ல. இந்த ஒரு டீதான் எனக்கு. கடைசி டீய நிம்மதியா குடிக்க வுடுங்க.

— குடிங்க. ஆனா கைய மறைக்காதீங்க. நகத்துல இலுப்பைப் பால் ஒட்டிக் கறுத்துக் கெடக்கு. பழம் பிதுக்கின கைதான் அப்படி இருக்கும்.

— பெரியவருக்கு ஒத்தாசையா ரெண்டு பழம்...

— காஞ்ச விதை வந்துச்சே, அந்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் படவேட்டுக்குப் போனேன். ஆயுசு பூரா இலுப்பைய வளத்தவரு அத வெயில்ல போடுவாரான்னு மனசு கேக்கல. போனா, பெரியவரு அய்யாக்கண்ணு ஐயா படத்துக்கு மாலை போட்டிருக்கு. அவரு மக அந்த வீட்லயேதான் இருக்கா. அழுதுகிட்டே சொன்னா, அப்பா போன பெறகு குப்புராஜ்னு ஒரு கண்டக்டரு விடியக்காலையில வந்து பொறுக்கிகிட்டுப் போறாருன்னு. உங்க பேரே எனக்கு அன்னிக்குதான் தெரிஞ்சுது.

— தெரிஞ்சிகினேவா இத்தினி வருஷமா அவருக்கு சேதி சொல்லி அனுப்பினீங்க?

— ஜுரம் வுட்டுச்சான்னு கேட்டது யாருன்னு தெரிஞ்சுதான் பதில் சொன்னேன்.

— நானா கேட்டா நல்லா இருக்குமா டீச்சர்? அதான் அவரு பேர்ல கேட்டேன். விதை நின்னுபோச்சுன்னா இங்க வர எனக்கு இன்னா வேல இருக்குது? வெளிய தெரியாம ஏங்கிகினே காலத்த ஓட்டிட்டேன்.

— ஹாரன் அடிக்கறாரு.

— அடிக்கட்டும். அன்னிக்கே என்னைக் கேட்டிருக்கலாமே. ஏன் கேக்கல?

— கேட்டிருந்தா, மறுநாள் நீங்க பஸ்ஸ விட்டு எறங்கியிருப்பீங்களா, குப்புராஜ்?