கன்னையா வாங்கிய கிழக்கு வாசல்

மாட்சிமை நிறைந்த அக்கிராசனாதிபதி அவர்களே! மேடையை அணிசெய்யும் பெரியோர்களே! கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து, உட்கார இடமின்றிச் சுவரோரம் நிற்கும் அன்பர்களே! மடியில் பிள்ளையும் முந்தானையில் பலகாரமுமாகப் பொறுமை காக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வீடு வாங்குவோர்க்கு நாலு வார்த்தை சொல்லும்படி சங்கத்தார் எனக்குக் கட்டளை. நான் வீடு கட்டுகிறவன் அல்ல, விற்கிறவனும் அல்ல, இந்தப் பிரிக்ஃபீல்ட்ஸில் நெடுங்காலமாய் வாடகைக்குக் குடியிருக்கிறவன். எனவே எந்தப் பக்கத்திலும் எனக்கு லாபம் கிடையாது. அதுவே என் தகுதி என்று கொள்வீராக! சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். வீடு வாங்கிய பிறகு சிரிப்பு அவ்வளவு சுலபமாக வராது.

அன்பர்களே! நம்மவர் வீடு வாங்கும் விந்தையைப் பாருங்கள். கூரை பார்க்கிறோம், கோணம் பார்க்கிறோம், கோள் பார்க்கிறோம், குளிகன் பார்க்கிறோம். பக்கத்தில் குடியிருக்கும் மனிதரைப் பார்க்கிறோமா? பார்ப்பதில்லை! ஏன்? கண் பட்டுவிடுமாம்! நிலத்தின் கிராண்டுப் பத்திரம் நம் பெயருக்கு மாறும் வரையில் மூச்சு விடக் கூடாதாம்! பெண் பார்க்கப் போனால் ஊரெல்லாம் விசாரிக்கிறோம். வீடு பார்க்கப் போனால் மட்டும் திருடனைப் போலப் போய்த் திருடனைப் போலத் திரும்புகிறோம்.

கன்னையா என்ற நண்பரின் கதையைக் கேளுங்கள். அவர் அனுமதி தந்துதான் சொல்கிறேன். ரயில்வேயில் ஃபிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். வேலை முடிந்தால் ரயில்வே கோட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும், அல்லவா? கடல் கடந்து ஊருக்குத் திரும்பலாமென்றால் அங்கே அவருக்கு யாருமில்லை. மனைவி நல்லம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த மண்ணில் ஒரு கூரை வேண்டும். சேமித்ததெல்லாம் அந்த ஒரு கூரைக்குத்தான். அது தவறினால் தெருதான்.

கிள்ளானில் ஒரு பலகை வீடு விலைக்கு வந்தது. அக்கம்பக்கத்தார் வேலைக்குப் போயிருக்கும் உச்சி வேளையாகப் பார்த்துப் போனார் கன்னையா. கண்டார் கிழக்கு வாசலை! மனம் குளிர்ந்தார்! விற்கிற பேர்வழியும், “உங்க அதிர்ஷ்டம் அண்ணே! இந்தக் கம்பத்துக் குடியிருப்பிலேயே கிழக்கு வாசல் வீடு இது ஒண்ணுதான்” என்றார். அவர் சொன்னது சத்தியம். அதற்கு முந்தின மாதம் அதுவும் கிடையாது! தமிழர் கேட்பது கிழக்கு வாசல் என்று தெரிந்துகொண்டு, சுவரை வெட்டி அவரே வைத்த வாசல் அது. மேற்கே இருந்த பழைய தலைவாசலைக் கொல்லைக் கதவு என்று சொல்லிவிட்டார்.

என்ன? பெயரா? பின்வரிசையில் ஒரு தம்பி விற்றவர் பெயரைச் சொல்லச் சொல்கிறார். சொல்ல மாட்டேன், தம்பி. சொன்னால் அந்த ஒருவரிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருப்பீர்கள்.

புதுமனை புகும் நாள் வந்தது. பசுவும் கன்றும் கிழக்கு வாசலுக்குச் சுற்றி வந்தன. வந்த பசு, பக்கத்து வீட்டுச் சாந்தமேரி அம்மாளின் கீரைப் பாத்தியில் வாயை வைத்துவிட்டது. தையல் வேலை செய்து பிழைக்கும் அந்த அம்மாள் வெளியே வந்தார்.

“மாடு மேஞ்சா மேஞ்சிட்டுப் போவுது அண்ணே. நான் சொல்ல வந்தது வேற. இந்த வாசல் வெட்டினப்ப நடுத்தூணை அறுத்துட்டாங்க. என் கண்ணால பார்த்தேன். மழைக்கு முன்னாடி ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்க.”

கன்னையா என்ன செய்தார்? நன்றி சொன்னாரா? ஆசாரியை அழைத்தாரா? மனைவி பக்கம் திரும்பி, “பார்த்தியா? பால் பொங்கறதுக்குள்ள பொறாமைய!” என்றார். கண்ணேறு கழிய வேண்டுமென்று, பெரிய பூசணிக்காயாகப் பார்த்து வாங்கி, வாசலுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார். எங்கே? தாங்கத் தூணில்லாமல் நின்ற அதே உத்தரத்தில்!

சில நாள் கழித்து ஒரு மாலை. காற்றும் மழையும் கலந்து அடித்தன. பலகைகள் முனகின. பிள்ளைகள் கிழக்கு வாசலருகே சோறு தின்றுகொண்டிருந்தார்கள். மேற்குக் கதவை யாரோ இடித்தார்கள். “நல்லம்மா அக்கா! பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு வெளிய வாங்க! உத்தரம் எறங்குது!” நனைந்துகொண்டு நின்றது சாந்தமேரி. “திறக்காதே, அவளுக்கு இதே வேலை” என்றார் கன்னையா. நல்லம்மாள் புருஷன் பேச்சைத் தட்டினார். தாய்மார்களே, தட்டினார்! கதவைத் திறந்து பிள்ளைகளை வெளியே தள்ளினார். கன்னையாவும் பின்னாலேயே ஓடி வந்தார். உத்தரம் விழுந்தது, பிள்ளைகளின் சோற்றுத் தட்டுகள் மேல்.

அன்றைக்கு அவர்களுக்கு இடம் கொடுத்தது சாந்தமேரியின் வீடு. கூரை எழும்பும் வரை அங்கேதான் இருந்தார்கள். அந்த நாட்களில் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியாமல் வெட்கப்பட்டுச் செத்தேன் என்று கன்னையா என்னிடம் சொன்னார். இதோ, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்! நல்லம்மாளேதான். என்ன சொல்கிறீர்கள் அம்மா?

“நல்லா சத்தமா சொல்லுங்க அண்ணே! நாங்க ஒளிச்சு ஒளிச்சுப் போனதுதான் எங்களுக்கு வினையா வந்துச்சு!”

கேட்டீர்களா? இதற்குமேல் நான் பேச என்ன இருக்கிறது?

வீடு வாங்கப் புறப்படும் அன்பர்களே! தூணைத் தட்டிப் பாருங்கள். மழை நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நிலத்தின் எல்லையை நடந்து பாருங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னே, பக்கத்து வீட்டுப் படியேறிக் குடிக்கத் தண்ணீர் கேளுங்கள். தமிழர் வீடோ, மலாய்க்காரர் வீடோ, சீனர் வீடோ, தாகமென்று வந்தவரை விரட்டும் வீட்டை நான் இங்கே கண்டதில்லை. வாங்கி மெதுவாகக் குடியுங்கள். குடித்துக்கொண்டே கேளுங்கள். வெள்ளம் எதுவரை ஏறும்? முன்பிருந்தவர் ஏன் போனார்? எந்தச் சுவரை எப்போது வெட்டினார்கள்? கண் படுமே என்கிறீர்களா? படட்டும்! நாலு பேர் கண் நன்றாகப் படட்டும்! அறுத்த தூணை அறிந்த கண் அவர்களுடைய கண்தான்!

வாடகை வீட்டுக்காரன் பேச்சுக்கு இவ்வளவு நேரம் செவி கொடுத்த சபைக்கும், தன் துயரத்தை ஊருக்குப் பாடமாகக் கொடுத்த குடும்பத்துக்கும் என் நன்றி. வீடு திரும்பும் வழியில் உங்கள் அண்டை வீட்டாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.