பின்சீட்டுக்கு ஏத்த ஸ்பிரிங்

அந்த ஸ்டூல் வேணாம் டாக்டர், அதோட நாலாவது கால் எப்ப வேணா கழண்டுக்கும். வாங்க, வண்டி மேலயே உக்காருங்க. எப்படியும் உங்கள ஏத்தி வெச்சுத்தானே அளக்கணும். ஹெல்மெட்டையும் மாட்டிக்கங்க. பூட்ஸ், கோட்டு, கையுறை, இடுப்புல சொருகி வெச்சிருக்கிற அந்தப் பிராந்தி குப்பி, எல்லாமே எடைதான். ஸ்பிரிங்குக்கு மனுசன் எது, துணி எதுன்னு தெரியாது.

ம். நல்லாருக்கு. கோட்டும் பனிவண்டியும் ஒரே சிவப்பு. பாத்துப் பாத்து வாங்கினீங்களா? ஆமா, மாண்ட்ரியல்ல அப்படித்தான் விப்பாங்க. இங்க எங்களுக்குக் கோட்டு ஒரு நிறம், ஒட்டுப்போட்ட துணி ஒரு நிறம். எங்க பொருத்தம் அதோட சரி.

தெரியும், தெரியும். உங்க முதுகு இல்ல, லுசீல் முதுகு. போன சனிக்கிழமை உங்க பின்னால உக்காந்து போயிட்டு, மறுநாள் சர்ச்சுப் பூசைக்கே வரல. சூடுதண்ணிப் பையை இடுப்புல கட்டிக்கிட்டுப் படுத்திருக்கான்னு தபாலாபீஸ்ல ஒரு தரம், ரொட்டிக்கடையில ஒரு தரம் கேட்டேன். ரொட்டிக்கடையில சொன்னதுல முதுகெலும்பே ரெண்டு துண்டு. ஊரு சின்னது டாக்டர், சேதிதான் பெருசு.

அதுக்கு வண்டி மட்டும் காரணம்னு சொல்லிற முடியுமா? பாதையைப் பாருங்க. ராத்திரி ஒவிலா அந்தப் பெரிய எந்திரத்த ஓட்டிட்டுப் போயி பனியைத் தேச்சு, மேசை மாதிரி பண்ணி வெப்பான். காலையில நாப்பது வண்டி போகும். மத்தியானம் பாத்தா மேடு பள்ளம், மேடு பள்ளம், துணி தோய்க்கிற பலகை மாதிரி ஆயிரும். ஒரு வருசம் ஏரிக்கரையில இருந்த மேட்டுல என் வண்டி ஏறுச்சு பாருங்க, மேல போனேன், போனேன், அங்கருந்து கோயில் கோபுரம் தெரிஞ்சுது, அதுல கடிகாரம் தெரிஞ்சுது, அடடா சாப்பாட்டுக்கு நேரமாச்சேன்னு நினைச்சதுக்கு அப்புறம்தான் கீழ இறங்கினேன். நிஜம்தான். கோபுரம் இன்னும் அங்கதான் இருக்கு, வேணும்னா போயிப் பாருங்க.

கொஞ்சம் எந்திரிங்க. பின்பக்கக் கம்பியைத் தூக்குறேன். இப்படி, அடியில ஓடுற ரப்பர் பட்டை தரையில தொட்டும் தொடாம நிக்கிற வரைக்கும். அளந்தாச்சு. இப்ப உக்காருங்க. குதிச்சு உக்காராதீங்க, பல்லு புடுங்க வந்தவன் நாற்காலியில உக்காருவானே, அந்த மாதிரி மெதுவா. பாத்தீங்களா? ஒரு விரக்கடை கூட இறங்கல. நீங்க ஒருத்தர் உக்காந்தா மூணு விரக்கடையாவது இறங்கணும். அவளும் ஏறினா நாலு, அஞ்சு. இறங்கினாத்தான் பள்ளம் வரும்போது கால நீட்ட இடம் இருக்கும். இது கட்டை மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கிது. பள்ளத்துல பட்டை இறங்காது, வண்டியே தொபுக்னு விழும். முன்னால இருக்கிற உங்களுக்குப் பாதி அடிதான். பின்சீட்டுல இருக்கிறவளுக்கு அச்சு நேரா இடுப்புக்குக் கீழ, அத்தனையும் அவளுக்குத்தான்.

புதுசுலயே இப்படித்தான் வருமான்னா கேக்குறீங்க?

வரலாம். எத்தனையோ விதமா வரும். கம்பெனிக்காரனுக்கு நம்ம ஊரு இடுப்பு தெரியுமா? முதல்ல இந்த முன்பக்கத்து வாரைப் பாப்போம். இது இழுத்துக் கட்டியிருந்தா முன்னால சறுக்குக்கட்டை ரெண்டும் பனியில அழுந்தும், வளைவுல வெட்டிக்கிட்டுத் திரும்பும், பந்தயக்காரப் பயலுகளுக்கு நல்லது. உங்களுக்கு எதுக்கு? ஒரு ஓட்டை தளர்த்தி விடுறேன். நீங்க என்ன பந்தயமா ஓட்டப் போறீங்க. எங்க போறீங்க நாளைக்கு? பதினெட்டாம் மைல் குடிசைக்கா. பட்டாணி சூப்புக்கு.

ஆமா, அங்க சூப்பு நல்லாருக்கும். எனக்குச் சொல்றீங்களா.

கேளுங்க, லுசீல் இருபத்திரண்டு வருசம் என் பொண்டாட்டி. அது உங்களுக்குத் தெரியும். ஆறு வருசத்துக்கு முன்னாடி நோட்டரி முன்னால உக்காந்து எல்லாத்தையும் பிரிச்சோம். வீடு அவளுக்கு, கராஜ் எனக்கு. படகு எனக்கு, கரண்டி கிண்ணமெல்லாம் அவளுக்கு. நாயி யாருக்கும் வேணாம்னு தானா ஒவிலா வீட்டுக்குப் போயிருச்சு. ஆனா சனிக்கிழமை இருக்கே, அதை நோட்டரியும் கேக்கல, நாங்களும் சொல்லல. பிரிஞ்ச அடுத்த சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு நான் வாசல்ல வண்டியை நிறுத்துனேன், அவ ஹெல்மெட்டோட வந்தா, ஒரு வார்த்தை பேசாம பின்னால ஏறுனா. பதினெட்டு மைலு. சூப்பு. பதினெட்டு மைலு. இறங்குனா, கதவைச் சாத்துனா. அப்படியே ஆறு குளிர்காலம். ஊர்ல சிரிச்சாங்க. சிரிக்கட்டும். சட்டப்படி அவ எனக்கு யாரும் இல்ல, சனிக்கிழமைப்படி அவ என் பின்சீட்டு.

ஷாக் அப்சார்பர்ல ஒரு குமிழ் இருக்கு பாருங்க, அந்த டார்ச்ச இப்படிக் காட்டுங்க. உங்க கை நடுங்கல. பல் டாக்டர் கை. லுசீல் சொன்னாளாம், டாக்டர் காபி ஊத்தினா ஒரு சொட்டு தட்டுல சிந்தாதுன்னு. யாருகிட்ட சொன்னாளா? எங்கிட்ட சொல்லல, ரொட்டிக்கடையில சொன்னா, எனக்குக் காது இருக்குல்ல. நான் ஊத்தினா தட்டுலதான் பாதி காபி, அது ஊருக்கே தெரிஞ்ச விசயம். இருபத்திரண்டு வருசம் தட்டுலருந்துதான் குடிச்சா, செத்தா போயிட்டா?

குமிழு கடைசி வரைக்கும் முறுக்கியிருக்கு. திருப்புறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... பாதிக்குக் கொண்டு வந்தாச்சு. இனிமே சின்ன மேட்டுக்கெல்லாம் மூஞ்சியைச் சுளிக்காது.

ஒரு தடவ இப்படித்தான் டாக்டர், ஸ்பிரிங் கிறீச்சு கிறீச்சுன்னு சத்தம் போட்டு, வழியில தூங்கிட்டிருந்த ஒரு கரடி எந்திரிச்சிருச்சு. நான் ஒண்ணுக்கு இருக்க வண்டியை நிறுத்துனேன், லுசீல் மரத்துக்கு அந்தப் பக்கம் போனா, நான் வந்து ஏறுனேன், பின்னால யாரோ ஏறி இறுக்கமா என்னைக் கட்டிப் புடிச்சுது. சரி, கோவம் தீந்துருச்சு போலன்னு நான் சந்தோசமா ஓட்டிட்டுப் போயி, குடிசையில இறங்கி ரெண்டு சூப்புன்னு சொல்லிட்டுத் திரும்பினா...

என்ன சிரிக்கிறீங்க? இன்னும் சிரிக்கிற இடமே வரலையே.

ஓ. சொல்லிட்டாளா. கரடி வரும், நம்பாதீங்கன்னு சொல்லி அனுப்பினாளா.

கோபுரமும் சொன்னாளா? ... அதுவும். வேற என்ன? மீன் வாயில கிடைச்ச என் மாமியா பல்லுசெட்டு? அதைப் பல் டாக்டர்கிட்ட சொல்லாம இருப்பாளா. சரி. சொல்லும்போது அவ முகம் எப்படி இருந்துச்சு? இல்ல, சும்மா கேட்டேன். சிரிச்சாளா? எங்கிட்ட அவ சிரிச்சதே இல்ல டாக்டர். என்னைப் பாத்து, ஒனெசிம், இந்த இருபத்திரண்டு வருசத்துல நான் கேட்ட ஒரு கேள்விக்காவது நீ பதிலை மட்டும் சொன்னதுண்டான்னு கேட்டுட்டுத்தான் நோட்டரிகிட்டப் போனா. என் கதையெல்லாம் மூட்டை கட்டி உங்க வீட்டுக்குக் கொண்டு வந்து, அங்க சிரிக்கிறாளாக்கும். நல்லாருக்கு. கோட்டு வாங்குனீங்க, வண்டி வாங்குனீங்க, கதைக்காவது காசு குடுத்து வாங்கக் கூடாதா?

கோவப்படல. நான் எதுக்குக் கோவப்படணும். நீங்க உக்காந்தே இருங்க, இறங்காதீங்க. போன அக்டோபர்ல நீங்க இந்த ஊருக்கு வந்தப்ப நல்ல மனுசன்னுதான் நானும் சொன்னேன். டிசம்பர்ல முதல் சனிக்கிழமை பத்து மணிக்கு அவ வாசல்ல நிறுத்துறேன், ஹெல்மெட் இல்லாம வந்து நிக்கிறா. டாக்டர் கூப்பிட்டிருக்காரு ஒனெசிம், சீட்டுக்கு அடியில சூடு வருமாம்ங்கிறா. சூடு! இருவத்தெட்டு வருசமா என் முதுகுதான் அவளுக்குக் காத்துக்கு மறைப்பு. நான் தனியாப் போனேன் அன்னைக்கு. பின்னால எடை இல்லாம வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுது. அங்க போயி வாய் பழகினதுல ரெண்டு சூப்புன்னுட்டேன். ரெண்டையும் குடிச்சேன். என்ன பண்றது, சூப்புக்காரி கொண்டு வந்து வெச்சுட்டா.

இந்தப் பக்கம் வாங்க, இறங்கிக் குனிஞ்சு பாருங்க. இது நான் சொல்லியே ஆகவேண்டிய இடம். பட்டைக்குள்ள ரெண்டு பக்கமும் தடியா ஸ்பிரிங் தெரியுதா? அதோட கால் வந்து உக்காந்திருக்கு பாருங்க, ஒரு கறுப்புக் கட்டை. அந்தக் கட்டைக்கு நாலு பக்கம், ஒவ்வொரு பக்கமும் ஒரு உயரம். ஒண்ணுல வெச்சா மெத்தை. நாலுல வெச்சா கல்லு. இதுக்குன்னு ஒரு பானா இருக்கு, மாட்டித் திருப்பினா போதும், ரெண்டு நிமிசம். கடையிலருந்து வரும்போது உங்களது ஒண்ணுலதான் இருந்துச்சு.

எப்படித் தெரியுமா?

நான் பாத்தேன். போன வாரம் வியாழக்கிழமை பெல்ட்டு மாத்தணும்னு விட்டுட்டுப் போனீங்கல்ல. அப்ப.

இருங்க, ஒரு சிகரெட் பத்த வெச்சுக்குறேன். ... பெட்ரோல் இருக்குதான். சரி, வேணாம்.

இந்தத் திங்கக்கிழமை லுசீல் இங்க வந்தா. இந்தக் கதவு வழியா, இடுப்பைப் புடிச்சுக்கிட்டு, ஒரு பக்கமா நடந்து. நீங்க நிக்கிற இடத்துல நின்னா. சனிக்கிழமை குடிசையில நீங்க சூப்பு வாங்கப் போனப்ப, பனியில மண்டி போட்டு வண்டிக்கு அடியில பாத்திருக்கா. இருபத்திரண்டு வருசம் மெக்கானிக் பொண்டாட்டி, பாக்கத் தெரியாதா. வலது பக்கம் மூணு, இடது பக்கம் நாலு. உலகத்துல எல்லாரும் ரெண்டையும் ஒரே அளவுலதான் வெப்பாங்க ஒனெசிம், இடது பக்கம் ஒண்ணு கூட்டி வெக்கிற கிறுக்கு உன் ஒருத்தனுக்குத்தான், உன் வண்டிய இத்தனை வருசம் பாக்குறேன்னா. நான் உடனே ஒரு கதை ஆரம்பிச்சேன். கரடி இல்லாம சொல்லுன்னா. என்னால முடியல. வாயத் தொறந்தா கரடிதான் வருது. அப்ப சொன்னா, வெள்ளிக்கிழமை டாக்டர் வருவாரு, சரி பண்ணு, பண்ணினத உன் வாயால சொல்லு, கரடி இல்லாம. இல்லேன்னா சூப்புக் குடிசையில கூட என் மூஞ்சில முழிக்காதேன்னா.

நான்தான் டாக்டர். ரெண்டையும் ஏத்துனது, குமிழ முறுக்குனது, எல்லாம் நான்தான். உங்க பின்னால ஒரு தரம் போயி நல்லா அடி வாங்கினா, அடுத்த சனிக்கிழமை என் வாசல்ல வந்து நிப்பான்னு நினைச்சேன். அடி அவ இடுப்புலதான் விழும்னு இந்தக் கைக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் திருப்புனேன். ரெண்டையும் நாலுல வெக்கணும்னுதான் பானாவை எடுத்தேன். வலது பக்கம் கை மூணுலயே நின்னுருச்சு. பழக்கம்.

என்ன வேணா சொல்லுங்க. நீங்க ஏதாவது திட்டுனீங்கன்னா எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்.

சரி. உங்க எடை எழுபத்தெட்டா? அவ, துணியோட, எழுபது. கேக்க வேணாம், எனக்குத் தெரியும். இந்தாங்க பானா. இல்ல, நீங்களே திருப்புங்க. நான் திருப்பினா நாளைக்கு வழி பூரா உங்களுக்குச் சந்தேகமா இருக்கும், மெதுவா ஓட்டுவீங்க, சூப்பு ஆறிப்போயிரும். வலது பக்கம் ஒண்ணு. அப்படித்தான், கையைப் பாத்து, ஸ்பிரிங் கால் உதைக்கும். இடது பக்கம் ரெண்டு.

இல்ல, ரெண்டுதான். கிறுக்கு இல்ல டாக்டர். கிளம்பி நாலு மைலு போனதும் லுசீல் தூங்கிருவா. வண்டி என்ன சத்தம் போட்டாலும் தூங்குவா. தூங்கினா இடது பக்கம் சாய்வா, தலை உங்க இடது தோள்ல வந்து நிக்கும். அந்தப் பக்கம் ஒண்ணு தூக்கி வெச்சாத்தான் வண்டி சாயாது, அவளும் முழிக்க மாட்டா. வழி பூரா கண்ண முழிச்சுக்கிட்டு வந்தேன்னுதான் அவ இன்னைக்கு வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருக்கா. சொல்லிறாதீங்க.