ஒரு படகுக்கு ஒரு தண்டையல்

தேநீருக்கு நன்றி, ஐயா. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. உங்கள் விசாரணை அறிக்கையில் ஒரே ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் நானாகவே வந்தேன். முனாப் இறந்ததற்குக் காரணம் 'கணினியில் ஏற்பட்ட தவறு' என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்படியல்ல.

நான் சோமசேகரம். திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கத்தில் இருக்கும் மீன் கம்பனிக்குத் தரவுத்தளம் கட்டிக் கொடுக்கக் கொழும்பிலிருந்து வரவழைக்கப்பட்டவன். நான் வந்தபோது ஐஸுக்கு ஒரு கணக்குக் கொப்பி, மண்ணெண்ணெய்க்கு ஒரு கொப்பி, கந்தளாய்க்கு மீன் ஏற்றும் லொறிக்கு இன்னொரு கொப்பி. ஒரே ஆள் மூன்று கொப்பியிலும் மூன்று ஆளாக வாழ்ந்துகொண்டிருந்தார். அந்தக் கூத்தையெல்லாம் நான் முடித்துவைத்தேன். ஒரு விஷயம் ஒரு இடத்தில் மட்டும் இருக்கும், மற்றதெல்லாம் அதைப் பார்த்து நடக்கும். படகுகளின் அட்டவணையில் தண்டையலின், அதாவது படகை நடத்துகிறவரின், பெயரை மாற்றினால் போதும். ஐஸும் எண்ணெயும் லொறியும் தாமாக மாறிவிடும்.

கடலுக்குப் போகும் அனுமதியும் அதிலிருந்துதான். பின்னேரம் என் கணினி அனுப்பும் பெயர்களை வைத்துக்கொண்டுதான் காவல் படகுக்காரர் மறுநாள் கடலில் ஆள் பார்ப்பார்கள். பெயர் ஒத்துவராத படகைச் சுடுவார்கள். யுத்த காலம். துறைமுகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

டொமினிக்கும் முனாபும் கம்பனிப் படகு ஒன்றைப் பங்குக்கு வைத்திருந்தார்கள். கிழமை நாட்களில் இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள், தண்டையல் டொமினிக். வெள்ளிக்கிழமை முனாப் ஜும்மாவுக்காகக் கரையில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை டொமினிக் பூசைக்குப் போவார், அன்று முனாப் தனியாகப் படகை எடுப்பார். இரண்டு சமயத்தையும் சமாளித்து, படகை ஒருநாளும் சும்மா போடாத ஏற்பாடு. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் என் அட்டவணையில் ஒரு படகுக்கு ஒரு தண்டையலுக்குத்தான் இடம்.

என் கணினியின் திறப்பு நாளில் முதலாளி இரத்தினசிங்கம் எல்லாரையும் கூப்பிட்டுப் பட்டிஸும் சோடாவும் கொடுத்தார். நான் விளக்கி முடித்ததும் டொமினிக் பின்கதிரையிலிருந்து கேட்டார்.

"சேர், உங்கட பெட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை எண்டு ஒண்டு இருக்கிறது தெரியாதோ?"

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. முதலாளிக்குச் சோடா புரைக்கேறிவிட்டது. அன்றிலிருந்து மீன் ஏலம் கூறுகிறவன்கூட என்னை 'ஒத்தைத் தண்டையல்' என்றுதான் கூப்பிட்டான்.

வழி இல்லாமல் இல்லை. படகுக்கும் ஆளுக்கும் நடுவில், கிழமையையும் சேர்த்து, இன்னொரு அட்டவணை போட வேண்டும். அரை மணித்தியால வேலை. ஆனால் போட்டால் டொமினிக் சொன்னது சரி என்று ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் கையால் முனாபின் பெயரைப் போடுவேன், ஞாயிறு பின்னேரம் திரும்ப டொமினிக்கின் பெயரைப் போடுவேன். படித்துப் பட்டம் வாங்கியவன் செய்கிற வேலையா என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் மாற்றவில்லை. முனாப்மீது எனக்கு ஒரு கோபமும் கிடையாது. திறப்பு நாளில் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். கோபமெல்லாம் டொமினிக்மீதுதான். ஆனால் டொமினிக்கின் பெயர் எப்போதும் சரியாக இருந்தது, அவரைப் பிடிக்க வழியில்லை.

பிறகு முனாபின் மனைவி நபீஸா வந்தார். கணவர் எங்கள் படகில் போய்த்தான் இறந்தார் என்று கடிதம் வேண்டுமாம். நான் கணினியைப் பார்த்து, அன்று அந்தப் படகில் போனது டொமினிக் என்று உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப நாங்க ஆரை சேர் அடக்கின?" என்று கேட்டார்.

பாவமாக இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

டொமினிக் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. ஏலக் கொட்டிலில் ஒரு மூலையில் குந்தியிருக்கிறார், யாரோடும் கதை இல்லை. என்னிடம் அந்த நடிப்பு எடுபடாது.

முதலாளி உங்களிடம், சேர் மறந்துபோனார், கணினியும் புதிது என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். ஆனால் நான் மறக்கிறவன் அல்ல. அந்தச் சனி பின்னேரம் முனாப் தொலைபேசியில் கேட்டார்.

"சேர், நாளைக்கு நான்தான் போறன். பேர மாத்திட்டீங்களா?"

திரையில் டொமினிக்கின் பெயர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஓம், மாத்தியாச்சு. பயப்பிடாமப் போங்கோ."

நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

ஆகவே ஐயா, அந்த வரியை வெட்டிவிடுங்கள். தெரிந்தே கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் கணினி பிழைவிட்டது என்று சொல்லி டொமினிக் நாளைக்கு ஏலக் கொட்டிலில் நின்று சிரிக்கக் கூடாது.