வலிக்காத பல்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் எஸ்டேட்டின் முள்வேலிக் கேட்டைத் தாண்டுவதற்குப் பெண்களும் வரிசையில் நின்று போலீஸ் சோதனைக்கு உட்பட வேண்டும். அன்று காலை எனக்கு முன்னால் பால்மரம் வெட்டும் பெண்கள் இருவர். இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

“லுக்குட் டவுனு நர்சம்மா மருந்தே குடுக்க மாட்டாங்கக்கா. அதான் அவங்ககிட்டப் போறேன்.”

“மருந்து குடுக்காத ஆளுகிட்ட எதுக்குலா போற?” என்றாள் மூத்தவள்.

“குடுத்தா மட்டும்? காட்டுல ஒளிஞ்சிருக்கவனுக்குக் கொண்டு போறேன்னு கேட்டுலயே புடுங்கிக்கிறான். ஆறு வருசமா மூட்டுவலி. நம்ம எஸ்டேட்டு ஆஸ்பத்திரி டிரெசரு பாசாங்குன்னு விரட்டுறாரு. அந்தம்மாதான் உக்கார வெச்சு நான் சொல்றத முழுசாக் கேக்குறாங்க. போன தடவ அழுதுட்டு வந்து நாலு நாளு நல்லாத் தூங்குனேன்.”

“பேசப் போறேன்னு கேட்டுல சொல்லிறாத. யாருகிட்ட, என்ன பேச்சுன்னு ஜீப்புல ஏத்திருவான்.”

“பல்லு புடுங்கப் போறேன்னு சொல்றேன்.”

“சாயங்காலம் திரும்புறப்ப வாயத் தொறக்கச் சொல்லுவான்.”

வரிசை நகர்ந்தது. இளையவளின் நாக்கு கன்னத்துக்குள் ஒவ்வொரு பல்லாகத் தடவுவது தெரிந்தது.

“கடைவாயில ஒண்ணு போனாப் போகட்டும்க்கா. நெசமாவே புடுங்கிட்டு வந்துர்றேன்.”