கொட்டிலை விட்டு நகராதே

புதுச் சப்பாத்தோடு மலை ஏறக் கூடாது. பிரதீஷுக்கு நான் முதலில் சொன்னது அதைத்தான். கொழும்பில் வாங்கிய சப்பாத்தைப் பெட்டியோடு கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். கொஞ்ச நாள் போட்டு நட, இல்லாவிட்டால் குதிகால் பொக்களிக்கும் என்றேன். அப்படியே செய்தான். நான் சொன்னதை அவன் எப்போதும் கேட்பான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் அவனும் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் இருந்தவர்கள். நான் புவியியல் படித்து, எல்கடுவைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியன் ஆனேன். அவன் கொழும்பில் ஒரு கம்பனியில் சேர்ந்தான். சனி, ஞாயிறுகளில் மலை ஏறி, அதை வீடியோ எடுத்து இணையத்தில் போடுவான். உச்சியில் நின்று கைகளை விரிப்பான். இப்படி விரிப்பவர்கள் இப்போது நிறையப் பேர். அதே சரிவில் முதுகில் கூடையோடு நிற்கும் பெண்கள் யாரும் கைகளை விரித்து நான் பார்த்ததில்லை.

இந்த முறை அவனுக்குத் தனியாகப் போக வேண்டும். பாதையே இல்லாத இடமாகவும் இருக்க வேண்டும். எங்கள் பாடசாலைக்கு மேலே தேயிலை முடிகிற எல்லையில் காட்டுக்குள் ஏறி, நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகடு ஒன்றைப் பிடித்து, அதன் மேலேயே வடக்கே நடந்து ரிவஸ்டன் பக்கம் இறங்குவது. வெள்ளி காலை ஏறினால் ஞாயிறு பின்னேரம் தெருவுக்கு வந்துவிடலாம்.

"ஏன்டா தனியா?" என்றேன்.

"கூட்டத்தோட போனா அது ட்ரிப்புடா. தனியாப் போனாத்தான் மலை நம்மகூடப் பேசும்."

மலை அவனோடு பேசுமாம். நான் பிறந்ததிலிருந்து அந்த மலைக்குக் கீழேதான் இருக்கிறேன். அது ஒரு தடவை இருமியதுகூட இல்லை.

பாதை இல்லாத காட்டுக்குள் தனி ஆளை விடமாட்டார்கள். அதனால் அவன் அனுமதி கேட்கவில்லை. அனுமதி இல்லாததால் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. மாத்தளையில் இருக்கும் அவன் அம்மா சுந்தரம்மாவிடம் கொழும்பில் வேலை இருக்கிறது என்றான். கம்பனியில், மாத்தளைக்கு அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்றான். தனியாக மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை நம்பிக்கையான ஓர் ஆளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த ஆள் நான்.

"ஞாயித்துக்கிழமை இருட்டுறதுக்குள்ள என் போன் கோல் வரலேன்னா ஆளுகளக் கூட்டிட்டு வந்துடுவேல்ல?"

"வர்றேன்."

"சாவு வீட்டுக்குப் போற சொந்தக்காரன் மாதிரி எல்லாம் முடிஞ்சப்புறம் வராதடா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். என் மனைவி சர்மிளா இறந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. பரவாயில்லை என்றேன்.

அவன் கொண்டுவந்த திட்டம் ஒரு விளையாட்டுப் பிள்ளையின் திட்டம். போனில் வரைபடத்தைத் திறந்து விரலால் ஒரு கோடு இழுத்திருந்தான். உயரக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் இடத்தில், அதாவது செங்குத்தான பாறையில், அந்தக் கோடு நேராக ஏறியது. என் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பையன்கூட அந்தப் பிழையை விடமாட்டான். நான் திருத்திக் கொடுத்தேன். பாறையைச் சுற்றி மேற்கே போகச் சொன்னேன். எந்த ஓடையில் இந்த மாதத்தில் தண்ணீர் இருக்காது, எந்த இடத்தில் காற்று ஆளைத் தள்ளும், மானாப்புல் மறைத்திருக்கும் வெடிப்புகள் எங்கே என்றெல்லாம் சொன்னேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. அந்தத் திட்டத்தை நீங்கள் யாரிடமும் கொடுத்துச் சரிபார்க்கலாம்.

முகட்டில் ஏறும் வழியில் கைவிட்ட ஏலத்தோட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே ஏலக்காய் உலர்த்திய பழைய கொட்டில் ஒன்றும் உண்டு. கூரையில் பாதித் தகரம் மிஞ்சியிருக்கிறது. அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. தேயிலை எல்லையிலிருந்து ஏறிப்போக அரை நாள் பிடிக்கும். ஆனால் குருவி பறக்கிற தூரம் பெரிதில்லை.

"கையோ காலோ உடைஞ்சா எப்படியாவது அந்தக் கொட்டிலுக்கு வந்து சேரு. அங்கருந்து நகராத. நான் நேரா அங்கதான் வருவேன்," என்றேன். பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய விசில் ஒன்றையும் கொடுத்தேன். மூன்று முறை ஊது, நிறுத்து, மறுபடி மூன்று முறை ஊது என்று சொன்னேன். ஊதிக் காட்டினான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இருவரும் சிரித்தோம்.

அதுவரை நான் அவனைக் கூட்டிவரப் போகிறவனாகத்தான் இருந்தேன்.

பிறகு அவன் பையிலிருந்து ட்ரோனை எடுத்தான். "தோட்டத்துக்கு மேல போன தடவை எடுத்தேன்ல, அந்த வீடியோதான்டா இன்னும் நல்லா ஓடுது," என்றான்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்மிளா பிள்ளைமடுவத்தில் வேலை பார்த்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. எதிரே ஒரு டர்பன்டைன் மரம். அதில் அரிசிச் சாக்கு அளவுக்குக் குளவிக் கூடு ஒன்று தொங்கியது. அன்று பின்னேரம் கூடு கலைந்தது. சர்மிளா குழந்தைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு வெளியிலிருந்துதான் பூட்டும். குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோட்டத்து லொறியில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அவள் இறந்தாள்.

அன்றைக்குப் பிரதீஷ் எங்கள் வீட்டு விருந்தாளி. தோட்டத்துக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிட்டிருந்தான். வீடியோவில் அந்த மரம் வருகிறது. கூடு கிட்டக் கிட்ட வந்து, திரையின் பாதியை அடைத்து, விலகிப் போகிறது. பிறகு மடுவத்து வாசலில் சர்மிளா பிள்ளைகளோடு நின்று கை காட்டுகிறாள்.

"அவ கை காட்டுற இடம் வருதுல்ல. அதுக்காகத்தான்டா அழிக்காம வச்சிருக்கேன்," என்றான். கண் கலங்கியிருந்தான். செத்த வீட்டில் பாடையைத் தூக்கியவன் அவன். எட்டாம் நாள் வரை எனக்குச் சோறு போட்டுத் தந்தவன். அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில் எதைக் கொண்டுபோனோம் என்று ஒரு தடவைகூட யோசிக்காதவன். தன் கண்ணீரைத் தானே ரசிக்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். நான் அவனுக்கு இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலை எல்லை வரை போய் அனுப்பிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இருட்டியது. கோல் வரவில்லை. நான் தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

திங்கள் பாடசாலை விட்டதும் தேயிலை எல்லைக்கு ஏறிப் போனேன். காற்று மேலிருந்து வீசியது. விசில் கேட்டது. மூன்று முறை. நிறுத்தம். மறுபடி மூன்று. பதறாமல், மூச்சை மிச்சம் பிடித்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஊதினான். நல்ல மாணவன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினேன்.

அன்றைக்கு அவன் அம்மா போனில் பேசினார்.

"தம்பி, பிரதீஷ் ஒங்ககிட்ட ஏதும் பேசினானா? போனு போகவே மாட்டேங்குது."

"கொழும்புல வேலை கூடம்மா. அவனே எடுப்பான்."

"அதான் நானும் நெனச்சேன். நீங்க சொன்னாத்தான் மனசுக்கு நிம்மதியா இருக்கு. சாப்பிட்டீங்களா தம்பி?"

சாப்பிட்டேன் என்றேன். உண்மையாகவே சாப்பிட்டிருந்தேன்.

அடுத்தடுத்த நாட்களும் போனேன். ஏன் போனாய் என்று கேட்டீர்கள். தெரியாது. பாடசாலை விட்ட பிறகு எனக்கு வேறு வேலை இல்லை. நாளுக்கு நாள் இடைவெளி நீண்டது. கடைசியாகக் கேட்ட அன்று இரண்டு முறைதான் ஊதினான். மூன்றாவதற்குக் காத்திருந்தேன். வரவில்லை. மறுநாள் மழை. நான் போகவில்லை.

தேன் எடுக்கப் போனவர்கள் அவனைக் கண்டார்கள். கால் முறிந்திருந்தது. நீங்கள் படங்களைக் காட்டினீர்கள். மஞ்சள் மழைக்கோட்டைத் தகரத்தின் மேல் கட்டியிருந்தான். நான் வரக்கூடிய பக்கத்தைப் பார்த்துத்தான் கட்டியிருந்தான். கொட்டிலுக்கு முன்னால் புல்லைப் பிடுங்கி ஒரு துண்டு நிலத்தைத் துப்புரவாக்கி வைத்திருந்தான். அது எதற்கு என்று உங்கள் ஆட்களுக்கு விளங்கவில்லையாம். எனக்கு விளங்கியது. தூக்கிக்கொண்டு போக வருகிறவர்கள் ஸ்ட்ரெச்சரை இறக்கி வைக்க இடம் வேண்டும் அல்லவா. உடைந்த காலோடு உட்கார்ந்தபடியே நகர்ந்து பிடுங்கியிருக்க வேண்டும். ஓடை கொஞ்சம் கீழேதான் இருந்தது. அதற்குக்கூட அவன் இறங்கிப் போகவில்லை. நகராதே என்று நான் சொல்லியிருந்தேன்.

ஆகவே இதைத் தெளிவாக எழுதுங்கள். நான் அவனைத் தள்ளவில்லை. வழி மாற்றி அனுப்பவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். அதை நான் சொல்லவில்லை. மறதியால் இல்லை, பயத்தால் இல்லை. அவன் சாக வேண்டும் என்றுதான் சொல்லவில்லை.

நேற்று நீங்கள் அந்த வீடியோவைப் போட்டு நிழலைக் காட்டினீர்கள். சர்மிளாவின் நிழல் அவளைவிட நீளமாக மேற்கே கிடக்கிறது. ஆகவே அது காலை நேரம். குளவி கலைந்தது பின்னேரம், மழைக்கு முன் அடித்த காற்றில் கிளை முறிந்தபோது. இதை ஒரு புவியியல் ஆசிரியனுக்குச் சொல்லித்தருகிறீர்கள். முதல் தடவை பார்த்தபோதே எனக்குத் தெரியும். காலையில் பட்ட கோபத்தைக் குளவி பின்னேரம் வரை வைத்திருக்காது என்று உங்களால் நிரூபிக்க முடியுமா?

தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரையும் விசாரித்தீர்களாம். சர்மிளா கூட்டைப் பற்றி வந்து சொன்னாள், பொம்பிளைப் பேச்சு என்று விட்டுவிட்டேன், வாத்தியார் வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே புகை போட்டு எடுத்திருப்போம் என்றாராம். அந்த ஆள் அப்படித்தான் பேசுவார். சர்மிளாவும் அதையேதான் சொன்னாள், பல நாள்.

"நான் சொன்னா சிரிக்கிறாரு. நீங்க சொன்னா கேப்பாரு. ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"நான் போய் அந்த ஜன்னல்ல நிக்கணுமா?"

"எனக்காக வேணாம். புள்ளைகளுக்காகப் போங்க."

"பாக்கலாம்."

ஆபீசுக்குள் தொழிலாளியை விடமாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். என் அப்பா தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கே நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இனி யாரும் அங்கே நிற்கக் கூடாது என்றுதான் படித்தேன். அதனால் போகவில்லை. இதில் உள்ளது இவ்வளவுதான். இதை ஏன் மூன்று நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்ததால் யாராவது சாவார்களா?